மேற்கூரைத் திருப்பணி நிறைவு: பங்கு மக்களுக்குத் திருப்பணிக் குழுவின் அறிக்கை

அன்பார்ந்த பங்கு மக்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் ஆலய மேற்கூரை வேலை முடிந்தது. மொட்டைமாடியில் இரண்டு இரவும் இரண்டு பகலும் தண்ணீரைக் கட்டி நிறுத்திப் பார்த்ததில் உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை. சென்ற மழைக்காலத்தில் பாடகர் குழுவின் பக்கம் மூன்று வாளிகளை வைத்துக்கொண்டு திருப்பலியில் பங்கேற்றவர்களுக்கு இந்த ஒரு செய்தியே போதும் என்றாலும், கொடுத்தவர்களுக்குக் கணக்கும் காரணமும் சொல்லும் கடமை எங்களுக்கு இருப்பதால் இவ்வறிக்கையை முன்வைக்கிறோம்.

முதலில் காரணம். கூரை ஒழுகியதற்குக் கட்டடத்தின் வயதைக் குறை சொல்லிவிட்டோம். அது பாதி உண்மைதான். பொறியாளர் மேலே ஏறியதும் முதலில் காட்டியது மேற்கு மூலையில் உள்ள நீர்ப்போக்கியை. அதன் வாயில் நெட்டிலிங்க இலைகளும் புறா இறகுகளும் அடைந்து கிடக்க, அவற்றின்மேல் மகர சங்கராந்திக்கு யாரோ விட்ட பட்டம் ஒன்று நூலோடு சுருண்டு மட்கிப்போயிருந்தது. ஜூன் இரண்டாவது வாரம் தொடங்கிச் செப்டம்பர் வரை பெய்யும் மும்பை மழை, வடிய வழியின்றி அந்த மூலையில் குளமாக நின்றிருக்கிறது. அந்த ஈரமும் நம் கடற்காற்றின் உப்பும் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டன. துருவானது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. பீடத்துக்கு வலப்புறம் உதிர்ந்து விழுந்த காரை அப்படி விழுந்ததுதான். இரண்டு மழைக்காலமாக யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை என்பதை, இக்குழுவில் உள்ளவர்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்தபின் வேலை தொடங்கியது. உத்தரங்களையும் தளத்தின் அடிப்புறத்தையும் சுத்தியலால் தட்டி, பொள்ளென்று ஒலித்த இடங்களுக்கெல்லாம் சுண்ணக்கட்டியால் குறியிட்டபோது, நாங்கள் எதிர்பார்த்ததைவிட வட்டங்கள் அதிகமாகவே விழுந்தன. கெட்டியான கான்கிரீட் தட்டுப்படும்வரை கொத்தியெடுத்துக் கம்பிகளைத் தேய்த்து, மெலிந்துபோனவற்றுக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்துப் பாலிமர் கலவையால் நிரப்பினார்கள். மேலே பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டு, இந்நகரத்தில் கோபா என்று சொல்லப்படும் செங்கல் ஜல்லித் தளத்தை நீர்ப்போக்கிகளை நோக்கிச் சரிவு வைத்துப் போட்டிருக்கிறார்கள். மெல்லிய நீர்த்தடுப்புத் தகடு ஒட்டினால் செலவு குறையும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால், சந்தனமாரி விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் பந்தல் கால் நட்டு, அடுப்பு மூட்டி, அசனம் என்னும் பொதுவிருந்துக்குச் சமைக்கும் நம் பழக்கத்தை அறிந்த நாங்கள் அதற்கு இணங்கவில்லை.

சிமெண்ட் வேலைக்குக் கொத்தனாரின் கைக்கு நிகராகத் தண்ணீரும் வேண்டும். பூசிய தளத்தைக் குறைந்தது ஏழு நாள் உலராமல் காக்காவிட்டால் அது வெடித்து, பட்ட பாடு வீணாகும். ஆட்களோ மாலை ஆறு மணிக்குப் போய்விடுவார்கள். அந்தப் பொறுப்பை அன்பியங்கள் என்னும் நம் அண்டை வீட்டார் இறைக்குழுக்களின் பெண்கள் ஏற்றார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு ஒரு குழுவும், இரவுச் சமையலுக்கு முன் இன்னொரு குழுவுமாக மாடியேறிச் சாக்குகளை நனைத்துப் போட்டார்கள். தாராவியில் குழாய்த் தண்ணீர் எந்த நேரத்தில் எவ்வளவு வரும் என்பதை அறிந்தவர்களுக்கு, தம் வீட்டுக் குடத்தை நிரப்பும் நேரத்தில் ஆலயத்துக்கு ஒரு குடம் ஒதுக்குவது என்ன காணிக்கை என்று விளக்க வேண்டியதில்லை. அந்த ஏழு நாளும் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இடிபாட்டு மூட்டைகளை ஞாயிறுதோறும் இளையோர் இறக்கினார்கள். அவர்களில் பலருடைய குடும்பங்கள் வாஷிக்கும் கல்யாணுக்கும் குடிபெயர்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழ்த் திருப்பலிக்காக இன்னும் இங்கே வருகிறவர்கள், தண்டவாளப் பராமரிப்புக்கான மெகா பிளாக்கில் இரயில் நின்ற ஞாயிறுகளில் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தில் எருசலேம் மதிலை யார் யார் எந்தப் பகுதி கட்டினார்கள் என்ற நீண்ட பட்டியல் உண்டு. பொற்கொல்லரும் வணிகரும் ஒருவருடைய புதல்வியரும் அதில் இருக்கிறார்கள். தெக்கோவா ஊரின் உயர்குடியினர் மட்டும் தோள் கொடுக்கவில்லை என்ற ஒரு வரியும் அதே பட்டியலில் இருக்கிறது. நம் பட்டியலில் அப்படி எதையும் எழுதுவதாக இல்லை, அவரவர்க்குத் தெரியும்.

பணத்தைப் பற்றி. இனப்படி வரவு செலவும் ரசீது எண்களும் நிதிக்குழுவின் ஒப்புதலோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. கேள்வி இருப்பவர்கள் திருப்பலிக்குப்பின் அலுவலகத்தில் மூலச் சீட்டுகளையே புரட்டிப் பார்க்கலாம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், மக்கள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆம் எண்ணிலும், ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று 1267ஆம் எண்ணிலும் சொல்கிறது. எனவே மீதமுள்ள சிறு தொகையைக் கொண்டு கெபி என்னும் குகைக்கோயிலைப் புதுப்பிக்கலாம் என்ற யோசனையை, அதன் நல்லெண்ணத்தை மதித்தாலும், ஏற்க முடியவில்லை. அத்தொகை கூரைப் பராமரிப்புக் கணக்கிலேயே இருக்கும். தவக்கால உண்டியல் ஏழைகளுக்கு உரியது என்பதால், பணம் முடைப்பட்ட மார்ச் மாதத்திலும் அதைத் தொடவில்லை. பாலைநிலத்தில் கூடாரத் தூயகம் எழும்பியபோது மக்கள் தேவைக்கு மேல் கொண்டுவந்ததால், போதும் நிறுத்துங்கள் என்று மோசே அறிவிக்க நேர்ந்ததாக விடுதலைப் பயண நூல் சொல்கிறது. எங்களுக்கு அந்தச் சங்கடம் ஒரு நாளும் வரவில்லை. கூரை வேலை முடிந்தாலும் கீழ்ப்பகுதி உத்தரங்கள் இரண்டின் பூச்சு பாக்கி நிற்கிறது. அதற்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையை, அது எவ்வளவு ஆனாலும், பங்கின் குடும்ப அட்டையில் எழுதிக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் இப்போது எங்களுக்கு அதைவிட அவசரமாக வேண்டியது ஆட்களே. யாராவது வாரம் ஒருமுறை அரை மணி நேரம் செலவழித்து இலையைக் கூட்டி அள்ளியிருந்தால், இத்தனை செலவில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது என்று பொறியாளர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. மே முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் இருவர் மாடியேறி நான்கு நீர்ப்போக்கிகளையும் துப்புரவு செய்து, கம்பி வலை இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பேட்டில் கையொப்பமிட வேண்டும். கனமான வேலை இல்லை. படியேற முடிந்தால் போதும், முதல் நன்மை வாங்கிய பிள்ளைகளைப் பெற்றோர் உடன் அழைத்துவரலாம். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் பக்திமுயற்சிக்கு வருகிறவர்கள் சனிக்கிழமைக்குப் பதில் அன்றைய மாலையை எடுத்துக்கொள்ள விரும்பினாலும் சரியே.

மே மாதம் முழுவதற்கும் பெயர்கள் வந்துவிட்டன. ஜூலையில் மூன்று சனிக்கிழமைகளும் ஆகஸ்டில் எல்லாச் சனிக்கிழமைகளும் காலியாக உள்ளன. தாள் ஆலய வாசலின் இடப்பக்கம் தொங்குகிறது, பேனா நூலில் கட்டியிருக்கிறது. மாடிச் சாவி, திருப்பலிப் பொருட்களை வைக்கும் சக்கரீஸ்து அறைக் கதவின் பின்னால் உள்ள ஆணியில் இருக்கும். இறங்கியதும் அங்கேயே மாட்டிவிடவும்.

திருப்பணிக் குழு