மாற்றுத்திறனாளிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் – 2025 மார்ச்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் உறவினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நிர்வாகக் குழு பத்துத் தடவை கூடியது. இரண்டு கூட்டங்களுக்குப் போதிய ஆட்கள் வரவில்லை. இரண்டு நாளும் நல்ல மழை, ஆட்டோ கிடைக்கவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பதிவுத் தபாலுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று யாராவது கேட்பீர்கள். அதற்கு என் அறிக்கையிலேயே பதில் இருக்கிறது.

முதலில் நாங்கள் கோட்டைவிட்ட விஷயம். கொட்டாஞ்சேனையிலிருந்து சக்கர நாற்காலியில் வரும் எங்கள் தங்கை ஒருவரை ஓர் அரச நிறுவனம் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருந்தது. பரீட்சை இரண்டாம் மாடியில். லிப்ட் இல்லை. வாசலில் நின்ற காவலாளி பாவம், நல்ல மனதோடுதான், "நாலு பேர் சேர்ந்து கதிரையோடு தூக்கிவிடுகிறோம் மிஸ்" என்றாராம். "நான் இன்டர்வியூவுக்கு வந்திருக்கிறேன் அண்ணா, தூக்கிக்கொண்டு போக அலுமாரி இல்லை" என்று இவர் சொல்லியிருக்கிறார். கீழே ஓர் அறையில் வைத்துக் கேட்கலாமே என்று மேலே செய்தி அனுப்பியும் யாரும் இறங்கி வரவில்லை. பதிவேட்டில் "சமூகமளிக்கவில்லை" என்று எழுதிவிட்டார்கள்.

அவர் இதை எங்களிடம் சொன்னது மூன்றாவது வாரத்தில். நான் அந்த நிறுவனத் தலைவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிவிட்டு, பதில் வரட்டும் என்று காத்திருந்தேன். பதில் வரவில்லை. கடைசியில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கப் போனோம். அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. "தங்கச்சி, இது என்னைக்கு நடந்தது?" என்றுதான் கேட்டார். அன்றைக்கு 43 ஆவது நாள். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட்டிருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தாலாவது, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இரண்டையும் நான் செய்யவில்லை. பிழை என்னுடையது, அந்தத் தங்கையுடையது அல்ல.

கதவு முழுதாக மூடிவிடவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென்றே இருக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதன் 24 ஆம் பிரிவின் கீழ் மேல் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா என்று சட்டத்தரணி பார்த்துக்கொண்டிருக்கிறார். இதுவரை அவர் எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.

அப்புறம், அதே நிறுவனத்துக்குத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டோம். அரச வேலைகளில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988 இல் வந்த 27/88 சுற்றறிக்கைப்படி இதுவரை எத்தனை பேரை எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான் கேள்வி. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மேன்முறையீடு செய்த பிறகு, சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையைக் காட்டித் தமிழில் கேட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுத் தம்பி வாசித்துச் சொன்ன அளவில், கேட்ட எண்ணிக்கை அந்தக் கடிதத்தில் இல்லை.

சாய்தள விஷயத்துக்கு வருகிறேன். 2006 இல் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களுக்கு எல்லோரும் போய்வர வசதி இருக்க வேண்டும் என்கின்றன. அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரல் 27 அன்று உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதனால் இப்போது பல காரியாலயங்களில் ஏதோ ஒரு சாய்தளம் இருக்கிறது. நாங்கள் போன ஒன்றைப் பொருளாளர் தையல் நாடாவால் அளந்தார். படி இரண்டும் சேர்ந்து 14 அங்குல உயரம். சாய்தளத்தின் நீளம் 4 அடி. ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால் 14 அடி வேண்டும். அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். அதற்கும் குறுக்கே இரண்டு பூச்சாடியும் ஒரு மோட்டார் சைக்கிளும். படம் எடுத்து அனுப்பினோம். "இப்படியானவர்கள் இங்கே வருவதில்லை" என்று பதில் வந்தது. எப்படி வருவது? 2012 குடிசன மதிப்பீட்டில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதம் பேருக்கு ஏதோ ஓர் இயலாமை இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. 16 இலட்சம் பேர். அவர்களில் ஒருவருக்குமா அந்தக் காரியாலயத்தில் வேலை இல்லை? பூச்சாடிகளை இப்போது எடுத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் அங்கேயே நிற்கிறது.

இந்த ஆண்டில் மனம் நிறைந்த விஷயம் தேர்தல்கள்தான். 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி, இயலாமையுள்ள வாக்காளர் தனக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். இது எங்கள் அங்கத்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பே படிவங்களை எடுத்து, கிராம உத்தியோகத்தரிடமும் அரச வைத்தியரிடமும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தோம். பார்வையில்லாத எங்கள் மூத்த அங்கத்தவர் ஐயா, பேத்தியோடு போய் வாக்களித்துவிட்டு வந்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்க, "அது எனக்கும் பேத்திக்கும் நடுவில்" என்றார். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அவர் எங்களைக் கேட்கவே இல்லை, தானே எல்லாம் செய்துகொண்டார். அந்தத் தேர்தலுக்குப் பிறகு, பார்வையில்லாத சுகத் வசந்த டி சில்வா தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் போனார். எந்தக் கட்சி என்பது வேறு கதை, சங்கத்தில் அரசியல் பேசுவதில்லை. ஆனால் அன்று ஐயா எல்லோருக்கும் தொதல் வாங்கிக் கொடுத்தார்.

காது கேளாத அங்கத்தவர் ஒருவர் முறைப்பாடு எழுதப் போன இடத்தில், சைகையையும் தமிழையும் சேர்த்துத் தெரிந்த ஒருவர் கிடைக்காமல் இரண்டு தடவை திரும்பி வந்தார். மூன்றாம் தடவை அவருடைய அக்கா கூடப் போய் எழுதிக் கொடுத்தார். இதில் சங்கம் செய்தது ஒன்றும் இல்லை.

கடைசியாக, கறுப்பு மட்டைக் கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். யாருக்கு எது நடந்தாலும் முதல் நிரலில் தேதி, அடுத்ததில் 30 ஆம் நாள் எது என்பது, பிறகுதான் கதை. அதில் மூன்று விஷயங்கள் இன்னும் முடியாமல் இருக்கின்றன. கொப்பியையும் பதிவுத் தபால் துண்டுகளையும் புதிய செயலாளரிடம் இன்றே ஒப்படைக்கிறேன். மூன்றாவது விஷயத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

செயலாளர்
கொழும்பு