ஹார்ட் டிஸ்க் போனாலும் விண்டோஸ் உரிமம் போவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகி, அதை மாற்றிப் புதிதாக விண்டோஸ் போன்ற இயங்குதளம் (ஓ.எஸ்.) நிறுவ வேண்டிய நிலை, கல்லூரி மாணவர் உள்ள பல வீடுகளுக்கும் என்றாவது வருகிறது. உரிமம் பெற்ற விண்டோஸுடன் வாங்கிய கணினியிலும் அப்போது திருட்டு நகலை நிறுவித் தரும் வழக்கம், பழுதுபார்க்கும் கடைகள் பலவற்றில் ஊறிப்போயிருக்கிறது. கணினி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அது குறித்து எழுதுகிறேன்.

"டிஸ்க்கோடு விண்டோஸும் போய்விட்டது, ஒரிஜினல் வேண்டுமென்றால் தனியாகச் செலவாகும், இல்லையென்றால் நாங்களே ஓ.எஸ். போட்டுத் தருகிறோம்" என்பதுதான் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் போனது உண்மைதான். ஆனால் அதன் உரிமம் போகவில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், விண்டோஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளின் உரிமக் குறியீடு மதர்போர்டில், கணினியைத் தொடக்கும் நிரல் இருக்கும் பயாஸ் சிப்பிலேயே பதிக்கப்படுகிறது. மைக்ரோசாப்ட் தனது தளத்தில் கட்டணமின்றித் தரும் நிறுவல் கோப்பை 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதைக் கொண்டு புதிய டிஸ்க்கில் நிறுவினால், அந்தக் குறியீட்டை நிறுவல் நிரல் தானே படித்துக்கொள்ளும். இணையத்தில் இணைந்ததும் உரிமம் உறுதியாகிவிடும்.

பிறகு ஏன் கடையில் அது வேலை செய்வதில்லை? நம் நாட்டில் விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற பதிப்பு. கடைக்காரர் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பென்டிரைவால் 'ப்ரோ' பதிப்பை நிறுவும்போது, பயாஸில் உள்ள குறியீடு அதற்குப் பொருந்தாது. உடனே, உரிமம் இருப்பதுபோல் விண்டோஸை ஏமாற்றும் 'ஆக்டிவேட்டர்' என்ற நிரல் ஒன்று ஓட்டப்படுகிறது. அது ஓடுவதற்காக விண்டோஸின் வைரஸ் தடுப்பும் அணைத்து வைக்கப்படுகிறது. தேர்வுக் கட்டணமும் வங்கிப் பரிமாற்றமும் அந்தக் கணினியிலேயே நடக்கின்றன என்பதுதான் கவலைக்குரியது. கையில் இருக்கும் உரிமத்தைப் பயன்படுத்தாமல், ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. முன்பெல்லாம் மடிக்கணினியோடு மீட்பு டி.வி.டி. கொடுத்த நிறுவனங்கள் உண்டு. இப்போது அதற்குப் பதிலாக, ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியிலேயே மீட்புக் கோப்புகளை வைத்துவிடுகிறார்கள். மாற்றுச் சாவியைப் பூட்டிய வீட்டுக்குள்ளேயே வைத்தது போல, டிஸ்க் பழுதாகும்போது மீட்பு வழியும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. சில கிகாபைட் அளவுள்ள நிறுவல் கோப்பை இறக்க நேரமில்லாத கடைக்காரர் கையில் இருப்பதைப் போடுகிறார்.

பழைய கணினிகளின் நிலை வேறு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். இந்தத் தகுதி இல்லாத கணினியில் குறுக்குவழியில் விண்டோஸ் 11-ஐத் திணிப்பதைவிட, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவதே நல்லது என்பது என் கருத்து. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. அதைத் திறந்துகூடப் பார்க்காத வீடுகளே அதிகம் என்று நினைக்கிறேன்.

பழைய டிஸ்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினி மிகவும் மந்தமாகி, டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி வரத் தொடங்கியதும், அதைச் சரிசெய்யும் ஸ்கேன் எதையும் ஓட்டக் கூடாது. நீண்ட ஸ்கேன் நலிந்த டிஸ்க்கை முற்றிலும் முடக்கிவிடக்கூடும் என்பதால், முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்துக்கு நகலெடுப்பதே முதல் வேலை. மாற்றிய பின், செத்த டிஸ்க் எதற்கு என்று கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கோப்பை அழிப்பதென்பது பெரும்பாலும் அதன் முகவரியை அட்டவணையிலிருந்து நீக்குவது மட்டுமே. ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் அடங்கிய அந்த டிஸ்க்கைப் பிறரால் படிக்க முடியலாம். எனவே பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவதும், புதிய டிஸ்க்கின் வரிசை எண், உத்தரவாதக் காலம், நிறுவிய விண்டோஸ் பதிப்பு ஆகியவற்றை ரசீதில் எழுதித் தருவதும் கடைகளுக்குக் கட்டாயமாக்கப்பட வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய, நிறுவனங்களின் பழுதுபார்ப்புத் தகவல்களைத் தரும் 'ரைட் டு ரிப்பேர்' தளத்திலும், ஒவ்வொரு நிறுவனமும் இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் முறையைத் தமிழிலும் வெளியிடச் செய்யலாம்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அத்தகைய மடிக்கணினி ஒவ்வொன்றுடனும், விண்டோஸின் எந்தப் பதிப்பு உள்ளது, அதன் உரிமம் எங்கே பதிந்திருக்கிறது, மறுபடி நிறுவுவது எப்படி என்று தமிழில் அச்சிட்ட ஒரு சீட்டைத் தருவதற்குப் பெரிய செலவாகாது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததும் சேமிப்பகம் பிறரால் படிக்க முடியாதபடி தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. கணினி பழுதான பிறகு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் கோப்புகளை எடுக்க முயல்பவரிடம் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படும். கணினியைப் பெற்ற அன்றே மாணவர் அந்த எண்ணை எழுதி வைக்க அச்சீட்டிலேயே ஓர் இடம் விட வேண்டும் என்று உயர்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்,
கும்பகோணம்.