அதே 14 இணைகள்

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி தாவரவியலில் சேர்ந்திருக்கிறாள். அவள் சாக்கில் நானும் செல்லியலைத் திரும்பத் தொட்டிருக்கிறேன்.

இப்போது படிப்பதெல்லாம் ஹவாய்த் தீவுகளின் வெள்ளிவாள் செடியைப் பற்றித்தான். மௌவி தீவில் ஹாலேயகலா எரிமலையின் உச்சிச் சரிவில், வெள்ளி ரோமம் போர்த்து உருண்டையாக உட்கார்ந்திருக்குமே, அதேதான். பல ஆண்டுகள் வெறும் இலையாகவே இருந்துவிட்டு, ஒரே ஒரு முறை ஆள் உயரத்துக்குப் பூத்து மடிந்துவிடும். அதன் உறவில் 30 இனங்கள் வரை உண்டு. ஒன்று கொடி, ஒன்று தரையோடு படர்வது, இன்னொன்று மழைக்காட்டில் மரமாகவே நிற்பது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் மொட்டை ஆல்கஹால், அசிட்டிக் அமிலக் கலவையில் போட்டு வைத்து, மகரந்தப்பையை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் நசுக்கிப் பார்த்தால், செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் பெரும்பாலானவற்றில் அதே 14 இணைகள்! ஜெரால்டு கார், டொனால்டு கைஹோஸ் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் பொறுமையாக எண்ணிச் சொன்னது இது.

கலிபோர்னியாவின் தார்வீட் செடிகளில் வெள்ளிவாளுக்கு நெருங்கிய உறவானவற்றுக்கு 7, 8 இணைகள்தான். அப்படி இரண்டு பரம்பரைகள் கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் முழுசாகச் சேர்ந்த நான்மடியச் செடிதான் ஹவாய் இனங்களுக்கு மூதாதை. 1999இல் வெளிவந்த மரபணு ஆய்வும் இதையே சொன்னது.

வெள்ளிவாளின் உறவான டுபாட்டியா பேரினத்தில் சிலவற்றுக்கு மட்டும் 13 இணைகள். அவை 14 உள்ளவற்றோடு கலந்தால் பிறக்கும் செடியில், குன்றல் பகுப்பின்போது (மகரந்தத்துக்காகக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) 12 இணைகள் ஒழுங்காகச் சேர, மிச்சம் மூன்று குரோமோசோம்களும், ஒரு பக்கத்து ஒன்றும் மறுபக்கத்து இரண்டுமாக, சங்கிலியாகக் கோத்து நிற்கும். எண்ணிக்கை எப்படிக் குறைந்தது என்பதற்கு அந்தச் சங்கிலியே சாட்சி. இந்த ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

எண்ணிக்கையை மட்டும் வைத்து இனம் பிரிக்க முடியாது என்பதும் இதிலேயே தெரிகிறது. ஹவாயின் பைடென்ஸ் செடிகளும் அப்படித்தான்: இலையும் காயும் எவ்வளவோ மாறினாலும் 36 இணைகள் மாறவில்லை. ஆனால் யார் யாருக்குச் சொந்தம் என்று விசாரிக்க இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அதற்கு உயிருள்ள மொட்டோ வேர்நுனியோ வேண்டும். செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமிக்கும் ஹெர்பேரியத்துக் காய்ந்த மாதிரியில் குரோமோசோமை எண்ண முடியாது. ஆடு மேய்ந்து அழிந்த இனத்தை இனி எண்ணவே முடியாது என்பதுதான் மனசை அறுக்கிறது.

வெங்காய வேர்நுனியைப் பார்த்து நீ கேமரா லூசிடாவில் (நுண்ணோக்கியில் தெரிவதைத் தாளில் காட்டி வரைய உதவும் கருவி) வரைந்த படங்கள் இன்னும் இருக்கிறதா? இருந்தால் பேத்திக்காக ஒரு நகல் எடுத்து அனுப்பு. கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்