மருந்து உறையில் இடைவெளியையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் 72 வயதான என் தாயாருக்குச் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டபோது, மருத்துவர் சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரையைக் காலையும் இரவும் உட்கொள்ளச் சொன்னார். எலும்புத் தேய்மானத்துக்காக அம்மா வழக்கமாக எடுத்துவரும் கால்சியம் மாத்திரையையும் அன்றே வாங்கினோம். பெரம்பூரில் எங்கள் வீட்டருகே உள்ள மருந்துக் கடையில் இரண்டு உறைகளின் மீதும் ‘1-0-1, சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதித் தந்தார்கள். அம்மாவும் எழுதியபடியே, இரண்டையும் சேர்த்து ஒரு டம்ளர் பாலுடன் விழுங்கிவந்தார். மூன்று நாளாகியும் எரிச்சல் தணியாமல் மீண்டும் மருத்துவரிடம் சென்ற பிறகுதான், கால்சியமும் பாலும் அந்த மருந்தைச் செயல்படவிடாமல் தடுத்திருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் ஆகிய தாதுக்கள் சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளுடன் குடலிலேயே பிணைந்துகொள்வதால், மருந்தின் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்காமல் வெளியேறிவிடுகிறது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமிலமுறி மருந்துகளில் உள்ள அலுமினியமும் இதையே செய்கிறது. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. வெறும் பி காம்ப்ளெக்ஸும் இப்படித் தடுப்பதில்லை; ஆனால் கடைகளில் கிடைக்கும் பல பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் துத்தநாகமும் சேர்ந்திருப்பதால், அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் ‘வைட்டமின்தானே’ என்று இருந்துவிட முடியாது.

இத்தனைக்கும் இதற்குத் தீர்வு மிக எளியது. சிப்ரோஃபிளாக்சசினைத் தாதுச் சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ உட்கொள்ள வேண்டும். அதாவது காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஆன்டிபயாடிக் என்றால், கால்சியத்தை மதியம் 2 மணிக்கு ஒரே வேளையாக வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு மருத்துவர் இப்படித்தான் மாற்றிக் கொடுத்தார். லீவோஃபிளாக்சசினுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் போதும். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்குத் தரப்படும் டாக்சிசைக்ளினில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: ரத்தத்தில் கலந்த மருந்து பித்தநீர் வழியாக மீண்டும் குடலுக்கு வரும்போதும் இரும்புச்சத்து அதைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுப்பவர்கள், அந்தச் சில நாள்களுக்கு அதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

எல்லாச் சத்து மாத்திரைகளையும் ஒதுக்கிவிடவும் கூடாது. காசநோய்க்கு ஐசோனியசிட் உட்கொள்பவர்களுக்குக் கைகால் மரத்துப்போகாமல் இருக்க வைட்டமின் பி6 மாத்திரையும் சேர்த்தே தரப்படுகிறது; அதைத் தாமாக நிறுத்துவது தவறு.

2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, மருந்து விற்பனை விதிகளின் ஹெச்1 அட்டவணையின்படி, லீவோஃபிளாக்சசின் உள்ளிட்ட பல மருந்துகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களைக் கடைக்காரர்கள் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்கிறார்கள். அதே கவனத்துடன், ‘பால், கால்சியம், இரும்பு மாத்திரையுடன் சேர்க்க வேண்டாம்’ என்ற ஒரு வரியை உறையின் மீது தமிழில் எழுதித் தருமாறு சென்னையின் மருந்தாளுநர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளி ஏற்கெனவே என்னென்ன சத்து மாத்திரைகள் எடுக்கிறார் என்பதை மருத்துவர்களும் சீட்டு எழுதும் முன்பே கேட்டறிய வேண்டும். கேட்காவிட்டாலும் நாம் அந்த அட்டைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பெரம்பூர், சென்னை.