என் மகனைத் தலைகுனிய விடாதவர்களுக்கு

அன்புள்ள மருத்துவர் அம்மாவுக்கும், வகுப்பு ஆசிரியைக்கும், பள்ளி ஆயா அக்காவுக்கும், என் அத்தைக்கும்,

ஏழு வயதுப் பையன் உடுத்தியிருக்கும் துணியிலேயே மலம் போய்விடுகிறான் என்றால் ஊர் வாய் சும்மா இருப்பதில்லை. சோம்பேறி என்கிறது, திமிர் என்கிறது, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்கிறது. நீங்கள் நால்வரும் அப்படி ஒரு சொல்லைக்கூட அவன் காதில் விழவிடவில்லை. என் முதல் நன்றி அதற்குத்தான்.

மருத்துவர் அம்மா, அத்தனை கூட்டத்திலும் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் மலக்குடலை வரைந்து அவனுக்கே விளக்கினீர்கள். ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்திருக்கிறது. வலிக்குப் பயந்து அடக்கியிருக்கிறான். அடக்க அடக்க ஈரம் வற்றி இன்னும் இறுகியிருக்கிறது. நாளடைவில் மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதை உணர்த்தும் திறனே மங்கிவிட்டது. இறுகிக் கிடப்பதன் ஓரமாக இளகியது கசிகிறது, அது இவனுக்குத் தெரிவதே இல்லை என்றீர்கள். அந்தச் சீட்டை அவன் இன்னும் கணக்கு நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறான்.

அந்தக் கசிவைப் பேதி என்று நினைத்து, பேதியை நிறுத்தும் மருந்தை வேறோரிடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நீங்கள் அதை நிறுத்தினீர்கள். பிறந்த இரண்டு நாளுக்குள் முதல் மலம் போனானா, எடை ஒழுங்காக ஏறுகிறதா என்று கேட்டு, முதுகுத்தண்டின் அடியையும் பார்த்த பிறகே பயப்பட ஒன்றுமில்லை என்றீர்கள். பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி. அடைப்பு இறங்கும்வரை சில நாட்கள் கூடுதலாக, அதன்பின் மாதக்கணக்கில் குறைந்த அளவில். குடல் இதற்கே பழகிவிடாதா என்று கேட்டேன். பழகாது, அது தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குவதோடு சரி. சரியாகிவிட்டதென்று பாதியில் நிறுத்தினால்தான் பழைய கதை திரும்பும் என்றீர்கள். (இதைப் படிக்கும் பெற்றோரே, அளவை உங்கள் குழந்தையின் மருத்துவரிடமே கேளுங்கள்.)

அத்தை, மலம் இறங்க வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைக்கும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அது அவன் பயத்தைக் கூட்டும் என்று மருத்துவர் சொன்னதும் மறுபேச்சு பேசாமல் விட்டீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் பிள்ளைக்கு எப்படி முக்க வரும் என்று உங்கள் பழைய மணையைக் கொண்டுவந்து பாதத்தின் கீழ் வைத்ததும் நீங்கள்தான். முழங்கால் இடுப்புக்கு மேலே வர வேண்டும் என்று மருத்துவர் சொன்னது அதனால் நடந்தது. சாப்பிட்டதும் குடல் தானாக அசைவு கொடுக்கும் என்பதால் காலையும் இரவும் உணவுக்குப் பின் ஐந்து பத்து நிமிடம் அவனை உட்காரவைத்து, கதவுக்கு வெளியே நின்று கதை சொன்னீர்கள். போனாலும் போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்கே பாராட்டினீர்கள். வேளைக்கொரு டம்ளர் பாலைக் குறைத்து, கீரையும் கொய்யாவும் தட்டுக்கு வந்ததும் உங்கள் கைங்கரியமே.

டீச்சர், கை தூக்காமலே எழுந்து போகலாம் என்று அவனுக்கு அனுமதி தந்தீர்கள். ‘இப்போதுதானே போனாய்’ என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆயா அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மாற்றுடை வைத்த மஞ்சள் பையை உங்கள் அலமாரியிலேயே வைத்துக்கொண்டீர்கள். வாடை வந்தால் வகுப்பு வாசலில் நின்று, “தம்பி, இந்தக் குடத்தை நகர்த்த ஒரு கை கொடு” என்று கூப்பிடுவீர்களாம். மற்ற பிள்ளைகளுக்கு அவன் உங்கள் உதவியாளன். ஆயா கூப்பிட்டால் பெருமையாக இருக்கும் என்று அவனே என்னிடம் சொன்னான். கழுவிவிடும்போதும் நீங்கள் முகம் சுளித்ததில்லை. அவனுக்காகவே காலையில் ஒரு கழிப்பறையை முதலில் கழுவி, தாழ்ப்பாளையும் சரிசெய்யச் சொல்லி வைத்தீர்கள். பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்கும் உடைந்த தாழ்ப்பாளுக்கும் பயந்து நாள் முழுவதும் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தக் கழிப்பறையால் அவர்களுக்கும் நன்மை செய்திருக்கிறீர்கள்.

கசிவு நின்றுவிட்டது. பொடியின் அளவை மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிறோம். ஜூனில் அவன் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். டீச்சர், அங்குள்ள ஆசிரியையிடம் நீங்களே பேசிவிட்டதாகச் சொன்னீர்கள். அதற்கும் சேர்த்து என் நன்றி.

என்றும் கடமைப்பட்டுள்ள,
அவனுடைய அம்மா