ரோஸ் ஹில்லிலிருந்து அண்ணனுக்கு: கட்சிப் பற்றும் தலைவர் மதிப்பும்

ரோஸ் ஹில், மொரீசியஸ்
2025 மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாருடைய நலமும் அறிய ஆவல்.

சென்ற நவம்பரில் இங்கு நடந்த தேர்தலில் நவீன் ராம்கூலம் தலைமையிலான எதிரணி, பெரிய தீவின் 60 இடங்களையும் வாரிக்கொண்டு போனதைச் செய்தியில் பார்த்துவிட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே மக்கள்தானே அந்த ஆட்சியைக் கொண்டுவந்தார்கள், இவர்களுக்குக் கட்சிப் பற்றே கிடையாதா என்று கேட்டிருந்தீர்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இருந்து பார்த்த பிறகு, பற்று இல்லாத ஊர் இது அல்ல, நம் ஊரைப் போலவே பற்று வேரோடிய ஊர் என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெரிய தீவில் 20 தொகுதிகள்; தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். ரோட்ரிக்ஸ் தீவுக்கு இருவர். பெரிய தீவில் வாக்காளர் ஒவ்வொருவரும் மூன்று பேருக்கு வாக்களித்தே ஆக வேண்டும் என்பதால், மூன்று வாக்கையும் நம் அணிக்கே போடுங்கள் என்று கட்சிகள் மன்றாடுகின்றன. இந்த முறையில் காற்று சற்று ஒரு பக்கமாக வீசினாலும் மூன்று இடமும் ஒன்றாகப் போய்விடும். 1982இலும் 1995இலும் இதே 60 இடங்கள் ஓர் அணிக்கே சென்றன. ஆனால் 2024இல் வென்ற அணி பெற்ற வாக்கு மூன்றில் இரண்டு பங்கைத் தொடவில்லை. விலைவாசி, தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகள் வெளியானது, தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு சமூக வலைத்தளங்களையே முடக்க உத்தரவிட்டு மறுநாளே திரும்பப் பெற்றது என்று இத்தனையும் நடந்த பிறகும் வாக்களித்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பிரவிந்த் ஜக்நாத்தின் பழைய ஆட்சிக்கே வாக்களித்தார்கள். நாற்காலிகளை எண்ணினால் ஊரே மனம் மாறியது போலத் தெரியும். வாக்குகளை எண்ணினால் நடுவில் இருப்பவர்கள்தாம் நகர்ந்தார்கள், பற்றாளர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள் என்பது விளங்கும்.

இந்த நாட்டின் கட்சிகளை நிறத்தால்தான் அறிய வேண்டும். ராம்கூலம் குடும்பத்தின் தொழிற்கட்சிக்குச் சிவப்பு, சாவிச் சின்னம், பால் பெராஞ்சேயின் எம்.எம்.எம். கட்சிக்கு ஊதா, இதயம், ஜக்நாத் குடும்பத்தின் எம்.எஸ்.எம். கட்சிக்கு ஆரஞ்சு, சூரியன். தேர்தல் காலத்தில் தெருமுனைக்குத் தெருமுனை 'பாஸ்' என்று ஒரு கொட்டகை முளைக்கும். கொடித் தோரணமும் ஒலிபெருக்கியுமாக இளைஞர்கள் இரவெல்லாம் கூடியிருப்பார்கள். அப்பா தங்கியிருந்து தோரணம் கட்டிய அதே கொட்டகையில் மகனும் கட்டுகிறான்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஐந்து தலைமுறைக்கு முன் இங்கு வந்த தமிழ்க் குடும்பத்தவர். கிரியோல் மொழியில்தான் பேசுவார். ஆனால் தைப்பூசக் காவடிக்கு விரதம் தவறியதில்லை. 1975இல் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடியபோது அவரும் ஒரு மாணவர். வாக்குரிமை வயது 18 ஆனதும், 1976இல் தம் முதல் வாக்கை எம்.எம்.எம். கட்சிக்கு அளித்தவர். அந்தக் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான பால் பெராஞ்சே இந்நாட்டு அவசரநிலையில் சிறை சென்று வந்தவர்; அவரைச் சிறையில் வைத்தது தொழிற்கட்சியின் சீவூசாகர் ராம்கூலமின் அரசு. ராம்கூலம் என்ற பெயரையே வெறுத்து வளர்ந்த இவர், 1995 தேர்தலுக்காகப் பெராஞ்சே அந்தக் குடும்பத்து மகன் நவீன் ராம்கூலமுடன் கூட்டணி அமைத்ததும், மகன் தந்தையைப் போல அல்லர், படித்தவர், பண்பாளர் என்று சொல்லத் தொடங்கினாராம். 1997இல் பெராஞ்சே அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டதும் அதே நவீன் ராம்கூலம் நம்பத்தகாதவர் ஆனார். 2000இல் எம்.எஸ்.எம். கட்சியின் அனிருத் ஜக்நாத்துடன் கூட்டணி. முன்பு பகைவராயிருந்த ஜக்நாத் நாட்டைக் கட்டியெழுப்பியவர் ஆனார். 2005இல் தோல்விக்குப் பின் அந்தப் புகழும் கரைந்தது. 2014இல் மீண்டும் ராம்கூலம் நல்லவர், 2019இல் மீண்டும் கெட்டவர், 2024இல் நாட்டை மீட்க வந்தவர்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அண்ணா. அவர் பொய் பேசுபவர் அல்லர். ஒவ்வொரு முறையும் உண்மையாகவே நம்புகிறார். கட்சிகள் ஆண்டுக்கணக்கில் எதிரெதிராகவே நிற்கும் நாட்டில், ஒரு தலைவரைப் பற்றிய நம் கருத்து அவருடைய செயலைப் பார்த்து எழுந்ததா, அவர் நிற்கும் பக்கத்தைப் பார்த்து எழுந்ததா என்று பிரித்தறிய வழியே இல்லை. இங்கே கூட்டணிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. ஆள் அதே ஆள், செயல் அதே செயல். இடம் மட்டும் மாறினால் மதிப்பும் மாறுகிறது.

நான் தினமும் வேலைக்குப் போகும் மெட்ரோ ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நவீன் ராம்கூலம் அரசு இலகு ரயில் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஜக்நாத் அணி அதை வீண் செலவு என்று எதிர்த்தது. 2014இல் வென்றதும் கைவிட்டது. பிறகு 2017இல் அதே அரசு 'மெட்ரோ எக்ஸ்பிரஸ்' என்று பெயரிட்டு, இந்திய அரசின் நிதியுதவியுடன் பணியைத் தொடங்கியது. கட்டியது நம் எல் அண்ட் டி நிறுவனம்தான். இப்போது போர்ட் லூயியிலிருந்து கியூர்பிப் வரை ஓடுகிறது. எங்கள் அலுவலகத்தில் ஆரஞ்சுக் கட்சிக்காரர் ஒருவர் இதை அனிருத்தின் மகன் பிரவிந்த் ஜக்நாத்தின் சாதனை என்கிறார். முன்பு இதே திட்டம் நாட்டைக் கடனில் தள்ளும் என்று வாதிட்டவரும் அவரே. சிவப்புக் கட்சிக்காரர், தம் தலைவரின் கனவாக இருந்தவரை பாராட்டிய ரயிலை, பிறகு தேவையற்ற ஆடம்பரம் என்றார். நாள்தோறும் இருவரும் ஒரே பெட்டியில்தான் ஏறி வருகிறார்கள்.

இதைவிடக் கவலை தருவது கைதுகளைப் பற்றிய பேச்சு. 2014இல் ஆட்சியை இழந்த நவீன் ராம்கூலம் 2015 பிப்ரவரியில் கைதானார். வீட்டுச் சோதனையில் பெட்டகங்களில் பெருந்தொகை இருந்தது. 2024இல் ஆட்சியை இழந்த பிரவிந்த் ஜக்நாத் சென்ற மாதம் கைதாகிப் பிணையில் வெளிவந்தார். இங்கும் பணம் நிறைந்த பெட்டிகளைப் பற்றிய செய்திதான். இருவருமே தாம் குற்றமற்றவர் என்கிறார்கள். அதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். ஆனால் பத்து ஆண்டு இடைவெளியில் இரு பக்கத்தாரும் தங்கள் வசனத்தை அப்படியே கைமாற்றிக்கொண்டார்கள். அன்று அரசியல் பழிவாங்கல் என்றவர்கள் இன்று மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள். அன்று கணக்குக் கேட்டவர்கள் இன்று பழிவாங்கல் என்கிறார்கள். சான்று என்ன, சட்டம் என்ன என்று கேட்பவரை நான் அதிகம் சந்திக்கவில்லை.

அறியாமையால் இப்படி இருக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1936இல் தொடங்கிய தொழிற்கட்சி, கரும்புத் தோட்டத்துக் கூலிகளுக்காகப் பேசிய கட்சி. அந்தக் கூலிகளின் பேரர்களுக்குச் சிவப்புக் கொடி என்பது தம் பாட்டனுக்குக் கிடைத்த மரியாதை. அந்த நன்றியை நான் மதிக்கிறேன். ஆனால் தாத்தாவின் தலைவருக்குச் செலுத்திய நன்றி, கேள்வி கேட்காமல் அடுத்த தலைமுறைத் தலைவருக்கும் கைமாறுகிறது. 1968இல் விடுதலை பெற்றது முதல் இன்றுவரை பிரதமர் பதவியில் இருந்தவர்கள் ஐவர்தாம். அவர்களில் நால்வர் இரண்டே குடும்பங்களைச் சேர்ந்த தந்தையும் மகனும். இதில் சமூகப் பிரிவும் சேர்ந்துகொள்கிறது. அரசு வேலைக்குக் கட்சிக்காரரின் சொல் உதவும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு ஆறுதல். 1998இல் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து இருந்த இடத்தை மாற்றி இந்திக்குக் கீழே அச்சிட்டபோது தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. சிவப்புக் கட்சித் தமிழர் பலரும் தம் அரசையே எதிர்த்து நின்றார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னபோது, கட்சிக்குள் இருந்துகொண்டே தலைவரை அளந்து பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். 1996 டிசம்பரில் ஜெயலலிதா அம்மையார் கைதானபோது நீங்கள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. 2001 ஜூன் இறுதியில் கலைஞர் நள்ளிரவில் கைதானபோது, சட்டம் தன் கடமையைச் செய்கிறது என்றீர்கள். உங்கள் மைத்துனர், அண்ணியின் தம்பி, அன்று அழுதார். 1996இல் அவர் மகிழ்ந்திருப்பார். ஓமந்தூரார் தோட்டத்தில் கட்டிய சட்டமன்றக் கட்டடம் மருத்துவமனையானதை நீங்கள் பாராட்டினீர்கள். அதைக் கட்டியது எந்தக் கட்சி என்பதைத் தவிர, கட்டடத்தைப் பற்றி நாம் யாரும் பேசியதில்லை. கோட்டூர்புரம் நூலகத்தையும் மருத்துவமனையாக்கப் போகிறோம் என்று 2011இல் அறிவித்தபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த நம் சித்தப்பா மகனைக்கூட மறந்து அதை ஆதரித்தீர்கள். எதிர்த்த மைத்துனரும் நூலகத்துக்காகவா எதிர்த்தார் என்று எனக்குத் தெரியாது. எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவில் கலைஞர் முட்டை சேர்த்தார். அதைச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு இரண்டுமே வேண்டியிருந்தன.

ஆவணியில் நடக்கும் மகள் திருமணத்துக்கு, சென்ற தேர்தலில் மைத்துனர் பேசிய பேச்சுக்காக அவர் பெயரைப் பத்திரிகையில் நீங்கள் போடப் போவதில்லை என்று அம்மா எழுதச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையை அண்ணி எப்படி உறவினரிடம் நீட்டுவார்? நீங்கள் போற்றும் தலைவரும் அவர் போற்றும் தலைவரும் மேடையில் எவ்வளவோ மோதியவர்கள். அந்த மோதலை நீங்கள் இருவரும் ஏன் பந்தலுக்குள் கொண்டுவர வேண்டும்? அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் வருகிறது. இங்கே நடந்தது போல அங்கே கூட்டணிகள் மாறினால், இன்று நீங்கள் ஏசும் ஒருவர் நாளை உங்கள் மேடையிலேயே அமரலாம். அப்போது அவரை ஏற்றுக்கொள்வீர்கள். மைத்துனரை ஏற்றுக்கொள்வது அதைவிட எளிது.

பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் நீங்களும் அண்ணியும் தாம்பூலத்தட்டுடன் அவர் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். உங்களுக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்வேன். முகூர்த்த நாள் உறுதியானதும் தெரிவியுங்கள். விடுப்புக்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

தங்கள் அன்புத் தம்பி