குளிரைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

என் முதுகலை ஆய்வேட்டைப் போன வாரம் ஒப்படைத்துவிட்டேன். அதன் நன்றிப் பக்கத்தில் பேராசிரியருக்கும் ஆய்வுக்கூடத்தாருக்கும் எழுதியதோடு இடம் தீர்ந்துபோனது. செந்தூலில் இருக்கும் உங்களுக்கும் ஏரிக்கரையில் இருப்பவருக்கும் இந்த மடல்.

"பனியே விழாத ஊர்ல ஐஸ் உண்டாக்குற கிருமிய ஏம்மா தேடுற?" என்று நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். பரபரப்பில் நான் ஒருவருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பதில் வராமலேயே உதவினீர்கள். இப்போதாவது சொல்கிறேன்.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று படித்திருக்கிறோம். ஆனால் மிகத் தூய்மையான நுண்துளி, பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காவிட்டால், மைனஸ் 38 டிகிரி வரைக்கும்கூட நீராகவே இருக்கும். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள ஒரு புரதம் நீர் மூலக்கூறுகளைப் பனிப்படிகத்தில் நிற்பதுபோல் வரிசையாக நிறுத்துகிறது. அது இருந்தால் மைனஸ் 2 டிகிரியிலேயே துளி உறைந்துவிடும். இலைகளிலும் ஏரிகளிலும் மழைநீரிலும் இந்தப் பாக்டீரியாவைக் கண்டிருக்கிறார்கள். கோலாலம்பூருக்கு மேலே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் 0 டிகிரி வந்துவிடும். நம் மாலை நேரத்து இடிமேகங்கள் அதையும் தாண்டி வளர்கின்றன. கூரையில் கொட்டும் மழையில் ஒரு பங்கு மேலே பனிக்கட்டியாக இருந்து உருகி வந்ததுதான். அந்தப் பனிக்கட்டி உண்டாக இப்படிப்பட்ட பாக்டீரியாவும் உதவியிருக்கலாம். அதனால்தான் இங்கேயும் தேட வேண்டும் என்கிறேன்.

என்னை இதற்குள் இழுத்தது வட அமெரிக்காவின் ஈரி ஏரி. அங்கே குளிர்காலத்தில் அவுலகோசைரா என்ற நுண்பாசி செழிக்கிறது. அதோடு ஒட்டி வாழும் பாக்டீரியா பனிக்கட்டி உருவாகத் துணை செய்கிறது, பாசியும் அந்தக் கட்டியைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு அருகில் இருக்கிறது என்று 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. பேராசிரியர் அதை என்னிடம் நீட்டி, "நம்ம ஏரியில பாத்தியா?" என்று கேட்டார். அவருக்கு என் முதல் நன்றி.

நம்ம ஏரி என்றால் பகாங்கில் உள்ள தாசேக் பெரா. மலேசியாவில் முதன்முதலாக, 1994-ல், ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே செமலாய் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். எனக்குப் படகு ஓட்டிய செமலாய்ப் பெரியவர் ஒவ்வொரு முறையும் ரசாவ் தாழம்புதருக்குப் பத்தடி முன்பே இயந்திரத்தை அணைத்துவிட்டுத் துடுப்பை எடுப்பார். அடிச்சேறு கலங்கினால் என் மாதிரி கெட்டுவிடும் என்று நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. பாக்சிக், தெரிமா காசே (ஐயா, நன்றி).

எடுத்த நீர் சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. வீடு வந்து சேர மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். செந்தூல் பசாரில் மீன் விற்கும் அண்ணனிடம் ஐஸ் கேட்டுப் போனேன். என் பெட்டியைத் திறந்து பார்த்தவர், "இது அரை மணி நேரம் தாங்காது" என்று தன்னுடைய மீன் பெட்டியையே கொடுத்தார். கட்டி ஐஸைச் சாக்கில் சுற்றி மேலே வை, தூள் ஐஸை அடியில் போடு, உருகுகிற தண்ணியை வடித்துக்கொண்டே இரு என்று சொல்லித் தந்தார். உப்புப் போடட்டுமா என்று கேட்டபோது மட்டும் பதறிவிட்டேன். உப்புச் சேர்ந்தால் குளிர் 0 டிகிரிக்குக் கீழே போய் என் நீர் உறைந்துவிடும். ஒரு முறைகூட ஐஸுக்குக் காசு வாங்கவில்லை, அண்ணே.

தீபாவளி விடுமுறையில் மாதிரிகள் இருந்த குளிர்ப்பெட்டி நின்றுபோனது. இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. நான்கு பயணத்தின் உழைப்பு வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. அன்று படியில் உட்கார்ந்து அழுத என்னை உள்ளே கூப்பிட்டுப் பசியாற வைத்தவர் எதிர்வீட்டு அத்தை. அடுத்த பயணத்துக்கு முன்னாலேயே தன் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய மல்லிகைச் சரம் வாழையிலைக்குள், அதற்குப் பக்கத்தில் இரட்டைப் பையில் தே ஓ (பால் விடாத தேநீர்) நிறத்தில் என் ஏரித்தண்ணீர். அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன், அத்தை.

படிவம் ஐந்து படிக்கும் அண்ணன் மகளே, உனக்கும். குளிர்தட்டில் பத்து மைக்ரோலிட்டர் துளிகளை வரிசையாக வைத்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறக்கி, எது எப்போது உறைகிறது என்று எண்ண வேண்டும். தெளிவாக நிற்கும் துளி, கண் இமைக்கும் நேரத்தில் பால் விட்டதுபோல் வெளுத்துவிடும். நான் கொண்டுவந்த காணொளிகளை நீ தனியாக எண்ணி நோட்டில் குறித்தாய். என் எண்ணிக்கையில் விட்டுப்போனவற்றை அதை வைத்துத்தான் திருத்தினேன். அதே நீரை 95 டிகிரிக்குச் சூடாக்கி ஏன் திரும்ப எண்ணச் சொன்னேன் என்று கேட்டாயே. மட்கிய இலைச்சாறும் துளியை உறைய வைக்கலாம். அதில் சில வகை சூட்டைத் தாங்கும். பாக்டீரியாவின் புரதம் தாங்காது, குலைந்துவிடும். சூட்டுக்குப் பிறகு எந்த வரிசை முன்னைவிட அதிகக் குளிரில்தான் உறைந்து பின்தங்கியதோ அங்கேதான் நாம் தேடியது இருக்கலாம். அப்படிப் பின்தங்கிய வரிசைகளை முதலில் வட்டமிட்டது உன் சிவப்புப் பேனாதான்.

அண்ணே, மீன் பெட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடிகாலையில் பசாருக்குக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மூன்றாம் மாடிப் பெண்
செந்தூல், கோலாலம்பூர்